அக்காவின் தலைக்குப் பின்னால்

அத்திம்பேரைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. கரமனையில் ஆற்றை ஒட்டிய எங்கள் அக்கிரகாரத்தில் ஒருவரைக் குறை சொல்லாமல் விடுவது சாதாரண விஷயம் இல்லை. என் அக்காவிடம் அவர் 'மாட்டேன்' என்று சொல்லி யாரும் கேட்டது கிடையாது. புடவைக் கடையில் அவள் எல்லாவற்றையும் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு எதுவும் பிடிக்கவில்லை என்று எழுந்தால், அவரும் கூடவே எழுந்து கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருவார். "தங்கமான மனுஷன். உங்க அக்கா குடுத்து வச்சவ" என்று என்னிடம் வந்துதான் சொல்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல், அதே தெருவில் தனியாக இருந்து ஆபீஸ் போய் வருகிற என்னிடம் அதைச் சொல்வதில் ஒரு குத்தல் உண்டு. அது எனக்குத் தெரியாதா? "தங்கத்தப் பொட்டில வச்சுப் பூட்டிக்கச் சொல்லுங்கோ" என்று நானும் விடாமல் சொல்வேன்.

அக்காவுக்குக் கழுத்தில் வினை வந்தது. முதலில் விரல் மரத்துப்போனது. காபி டம்ளர் கையை விட்டு நழுவியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, கழுத்தெலும்புக்குள் நரம்பு இறங்கி வருகிற வழி குறுகிப்போயிருக்கிறது என்றார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். தன் கழுத்தையே பின்னால் வளைத்துக் காட்டி, "இங்ஙனே பின்னோட்டு போகருது அம்மா. சூக்ஷிக்கணும்" என்று மலையாளத்தில் எச்சரித்தாள். குனிவதை விட, கழுத்து பின்னால் மடங்குவதுதான் அக்காவுக்கு ஆபத்து. பரணை அண்ணாந்து பார்க்கக் கூடாது. எதிர்பாராமல் ஒரு வெட்டு வெட்டித் தலை பின்னால் போனால் கை கால் விழுந்துவிடலாம் என்பதையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். ஆபரேஷன் செய்யலாம், அல்லது கவனமாக இருந்து பார்க்கலாம். அக்கா கவனமாக இருக்கிறேன் என்றாள். அத்திம்பேர், "அவ இஷ்டம்" என்றார்.

காரில் போகலாமா என்று நான் கேட்டேன். போகலாம், ஆனால் ஹெட்ரெஸ்ட் சரியாக இருக்க வேண்டும், பின்னால் இருந்து யாராவது வந்து இடித்தால் தலையைத் தாங்குவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது என்றாள் டாக்டர். நான் தலையை ஆட்டினேன். அக்கா அப்போது தன் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அந்தக் காரை அத்திம்பேர் வாங்கியது அக்காவுக்காக. பஸ்ஸிலும் ஆட்டோவிலும் குலுங்க வேண்டாம் என்று வாங்கினார். ஆனால் அதன் ஹெட்ரெஸ்ட் அக்காவின் தலைக்கு முதல் நாளே ஒத்துவரவில்லை. பழைய கார்களில் அது தட்டையாக, தலைக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் பின்னால் கிடக்கும். இதில் முன்னோக்கி வளைந்து வந்து மண்டையைத் தள்ளியது. அக்காவுக்கோ இந்த வயதிலும் அடர்த்தியான முடி. பிடரிக்கு மேல் கெட்டியாகக் கொண்டை போட்டு, பூ வேறு சுற்றிக்கொள்வாள். ஹெட்ரெஸ்ட் சரியாகக் கொண்டையில் வந்து முட்டும். "யாரோ பின்னால நின்னுண்டு தலையப் புடிச்சுத் தள்றா மாதிரி இருக்குடி" என்பாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. நானே உட்கார்ந்து பார்த்தேன், எனக்கும் தள்ளியது.

சனிக்கிழமைகளில் பிஸியோதெரபிக்கு அவளை நான்தான் ஓட்டிப் போவேன். அத்திம்பேருக்கு ஆஸ்பத்திரியில் பார்க்கிங் கிடைக்காமல் சுற்றுவது பயம். ஆகவே அந்த ஹெட்ரெஸ்டோடு மல்லுக்கு நின்றதும் நான்தான். அது ஏனோ அடிப் பள்ளத்திலேயே அழுந்திக் கிடந்தது. உயரமாக இருந்தால் கார் பார்க்க நன்றாக இல்லை என்று ஸீட் கவர் மாட்டினவன் அழுத்திவிட்டிருப்பான். கம்பி உள்ளே இறங்குகிற இடத்தில் சின்னதாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கிக்கொண்டு மேலே தூக்கினால் டக் டக் என்று ஒவ்வொரு பள்ளமாக ஏறும். அதன் மேல்விளிம்பு அக்காவின் உச்சந்தலை மட்டத்துக்கு வரும்வரை ஏற்றினேன். முட்டிக்கொண்டிருந்த புடைப்பு இப்போது கொண்டைக்கு மேலே, மண்டையின் கெட்டியான இடத்துக்கு வந்தது. பிறகு ஸீட்டின் முதுகை ஒரே ஒரு பல் சாய்த்தேன். அதற்கு மேல் சாய்த்தால் தலைக்கும் ஹெட்ரெஸ்டுக்கும் நடுவில் இடைவெளி கூடிவிடும், பிறகு அது இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஒரு பருத்தித் துண்டை மடித்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். உடம்பு கொஞ்சம் முன்னால் வந்ததும் தலையைத் தள்ளுவது குறைந்தது. என் விரல்களைத் தலைக்குப் பின்னால் நுழைத்துப் பார்த்தேன். நாலு விரல் கிடைமட்டமாகப் போகவில்லை, இரண்டு போயிற்று. சரி என்று விட்டேன்.

"இப்போ எப்படி இருக்கு?"

"கொள்ளாம், தேவலை. ஆனா கொண்ட இன்னும் இடிக்கறது."

"கொண்டைய அவுத்துப் பின்னிக்கோ. பின்னல எடுத்துத் தோள் வழியா முன்னால போட்டுக்கோ."

"காலேஜ் போற பொண்ணா நான்?"

சனிக்கிழமைகளில் பின்னிக்கொண்டு வந்தாள். என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள், ஆனால் வந்தாள். நான் வண்டி எடுக்கும் முன் அவள் தலைக்குப் பின்னால் கையை விட்டுப் பார்ப்பேன். "போலீஸ்காரி" என்பாள். நான் இல்லாத நாட்களில் நடந்ததுதான் வேறு. அவள் முனகுவாள், அத்திம்பேர் உடனே அதை அடிப் பள்ளத்துக்கு அழுத்திக் கொடுப்பார். சனிக்கிழமை வந்து நான் மறுபடி ஏற்றுவேன். ஒரு தடவை அதைக் கழற்றி முன்பக்கம் பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தார். திருப்பினால் வளைவு பின்னால் போய்விடும், தலையில் ஒன்றும் இடிக்காது என்று அவருடைய சிநேகிதர் யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்.

"அத்திம்பேர், இது சுத்தத் தப்பு. தலைக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ஜாண் இடம் இருக்கு பாருங்கோ. பின்னால யாராவது இடிச்சா தல அவ்வளவு தூரம் போயிட்டுத்தான் நிக்கும். அவளுக்கு அதுதானே ஆகாது?"

"சரி சரி. நீ சொன்னா சரியாக்கும்" என்று அதே சிரிப்போடு திருப்பி மாட்டினார். அவரோடு சண்டை போட முடியாது. யார் எது சொன்னாலும் சரி என்பவரிடம் எதைச் சொல்லி ஜெயிப்பது? நான் போன பிறகு வேறொருவர் வந்து வேறொன்று சொல்வார், அதற்கும் சரி என்பார். அந்த வேறொருவர் முக்கால்வாசி நேரம் என் அக்காதான்.

அன்றைக்கு அத்திம்பேரின் உறவில் ஒரு பையனுக்குப் பூணல். கோட்டைக்குள் ஒரு மண்டபத்தில். நானும் போக வேண்டியிருந்தது. காலையில் நான் வந்து பின் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தபோது அக்கா ஏற்கெனவே முன்னால் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை, பெரிய கொண்டை, அதைச் சுற்றி நெருக்கமாகக் கட்டிய முல்லை. அந்தப் பூவை நான் அவ்வளவு முழுசாகப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் ஏன் முழுசாகத் தெரிகிறது என்று உறைத்தது. ஸீட்டின் மேல்விளிம்பில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"ஹெட்ரெஸ்ட் எங்கே?"

அத்திம்பேர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஆத்துல வச்சிருக்கேன். பூவெல்லாம் நசுங்கிப் போறதாம். இன்னிக்கு ஒரு நாள்தானே, கேட்டயா? நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்."

"நீங்க மெதுவா ஓட்டினா ஆச்சா? பின்னால வரவன் மெதுவா வருவானா? போயி எடுத்துண்டு வாங்கோ."

அவர் கை கதவுப் பிடிக்குப் போனது. இதை நான் அடித்துச் சொல்வேன். அவர் இறங்கப் போனார். அக்காதான் தடுத்தாள்.

"நன்னா இருக்கு. ஆத்தப் பூட்டி இறங்கியாச்சு. சுப காரியத்துக்குக் கிளம்பிட்டு, தெரு நடுவுல வண்டி நிக்க, திரும்பி உள்ள போறதா? போனா உக்காந்து ஒரு வாய் ஜலம் குடிச்சுட்டுன்னா கிளம்பணும்? அதுக்குள்ள ராகுகாலம் வந்துடும். வேண்டாம், எடுங்கோ வண்டிய."

எங்கள் வீடுகளில் இது சட்டம். கிளம்பிய காலைத் திருப்பக் கூடாது. பர்ஸை மறந்தாலும், மாத்திரையை மறந்தாலும், தெருமுனையில் நின்று போன் செய்து யாரையாவது எடுத்து வரச் சொல்வார்களே தவிர திரும்ப மாட்டார்கள். பூட்டிய வீட்டிலிருந்து எடுத்து வர யாரும் இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ராகுகாலம் பாத்துண்டு இரு. கழுத்து ஒடிஞ்சு கை கால் விழுந்தா ராகுவா வந்து சோறு ஊட்டப் போறான்?" என்றேன்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை; அவளால் கழுத்தைத் திருப்ப முடியாது. காதைப் பொத்திக்கொண்டாள். "கிளம்பற நேரத்துல என்ன வாயிடி உனக்கு? நாலு நல்ல வார்த்த வராதா?"

அத்திம்பேர் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார். வண்டி நகர்ந்தது. கிள்ளிப்பாலம் தாண்டியது. அவருக்கு எங்கள் இருவரையும் சமாதானப்படுத்தியாக வேண்டும், அது அவர் சுபாவம். "போற வழிதானே, பழவங்காடி பிள்ளையாரக் கும்பிட்டுண்டு போவோம். வந்த தோஷம் எல்லாம் தீந்துது" என்றார்.

பழவங்காடி வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும். பிள்ளையார் கோயில் முன்னால் வந்ததும் பஸ் டிரைவர் முதல் ஸ்கூட்டர்காரன் வரை ஒரு கையை எடுத்து நெஞ்சிலும் நெற்றியிலும் தொட்டுக்கொள்வார்கள். ஓடுகிற ஓட்டத்திலேயே நடந்து முடிந்துவிடும். அன்றைக்கு அத்திம்பேர் அப்படிச் செய்யவில்லை. நான் சொன்ன சொல்லைப் போக்க வேண்டும் அல்லவா? வண்டியை முக்கால்வாசி நிறுத்தியே விட்டார். ஒரு கை நெஞ்சில் இருந்தது. தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. அக்கா இரண்டு கையையும் கூப்பி, "பகவானே" என்றாள்.

பின்னால் ஒரு பிக்கப் வந்து இடித்தது. விழிஞ்ஞத்திலிருந்து மீன் பெட்டி ஏற்றி வந்த வண்டி. பெரிய இடி என்று சொல்ல முடியாது. டிக்கி நசுங்கியது, அவ்வளவுதான். அத்திம்பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின் ஸீட்டின் ஹெட்ரெஸ்டில் என் தலை மோதி நின்றது. அக்காவின் தலை மட்டும் ஸீட்டைத் தாண்டி என் பக்கமாக மடங்கி வந்தது. அவள் நெற்றிக்குங்குமம் தலைகீழாக எனக்குத் தெரிந்தது. பிறகு தலை முன்னால் போயிற்று. கூப்பிய கைகள் பிரிந்து மடியில் விழுந்தன.

பிக்கப்காரன் இறங்கி ஓடிவந்து, "நடுரோட்டில் நிர்த்தியால் எங்ஙனயா சாரே" என்று கத்தினான். முன் ஸீட்டைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டான். அக்கா நிதானமான குரலில், "ஏன்னா, என் கை எங்க இருக்கு?" என்று கேட்டாள். மடியில் இருக்கிறது என்று அவர் சொன்னார். "இல்லையே" என்றாள்.

ஆபரேஷன் அன்றே நடந்தது. வேண்டாம் என்று சொன்ன அதே ஆபரேஷன். முடியை மழித்தார்கள். கால் விரல்கள் கொஞ்சம் அசையத் தொடங்கின, நிற்க முடியவில்லை. கைகள் வரவேயில்லை. ஹெட்ரெஸ்ட் இருந்திருந்தால் தப்பியிருப்பாளா என்று நான் டாக்டரைத் தனியாகக் கேட்டேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து, "சேச்சி, அது இனி ஏன் கேட்கணும்?" என்றாள். அதுவே எனக்குப் பதிலாகப் போதும்.

தெருவில் வேறு கதை ஓடியது. திறந்திருந்த கார் ஜன்னல் வழியாக யார் காதிலோ விழுந்திருக்கும்; கிளம்புகிற நேரத்தில் தங்கை வாயை வைத்துவிட்டாள் என்றார்கள். 'கை கால் விழும்' என்று வாய் விட்டுச் சொன்னாளாம், அப்படியே விழுந்துவிட்டதாம். கருநாக்கு என்று ஒரு மாமி என் காதுபடவே சொன்னாள். முன்பெல்லாம் வாசலில் நிறுத்திப் பேசுகிறவர்கள் இப்போது என்னைக் கண்டால் சம்பந்தமில்லாமல் உள்ளே போகிறார்கள். அவர்கள் வீட்டுக் கார்களைப் போகிற வருகிற போது எட்டிப் பார்க்கிறேன். பாதிக் கார்களில் ஹெட்ரெஸ்ட் அடிப் பள்ளத்தில்தான் இருக்கிறது. ஒன்றில் திருப்பி மாட்டியிருக்கிறது. சொல்லலாம். சொன்னால் அதையும் சாபம் என்பார்கள். ஆனாலும் சொல்கிறேன். நாக்கு கருப்பு என்று முடிவாகிவிட்ட பிறகு எனக்கு என்ன பயம்?

அக்காவிடமும் எனக்குக் கோபம் இருக்கிறது. படுத்திருப்பவளிடம் கோபப்படலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் அவளுக்கு ஊட்டுகிறேன், துடைக்கிறேன், மூக்கு அரித்தால் சொறிந்துவிடுகிறேன். கோபமும் இருக்கிறது. முல்லைப்பூ நசுங்கும் என்று நினைத்தாளே, அதற்கு. அத்திம்பேரிடம் இருந்த கோபம் அதைவிடப் பெரிது. அவர் அழுததைப் பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. நல்லவர் என்று பெயர் எடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது, அதன் விலையை அக்கா கொடுத்தாள் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வேன். அவரோடு தேவைக்கு மட்டும் பேசினேன்.

பிறகு சக்கர நாற்காலி வந்தது. முதுகு உயரமாக, தலைக்குத் தனியாகத் தாங்கி வைத்தது. அக்காவின் கழுத்துக்குத் தன்னால் நிற்கிற பலம் இல்லை. களைத்தால் தலை எந்தப் பக்கமும் சரியும், பின்னாலும் சரியும். தாங்கி இல்லாமல் ஒரு நிமிஷம்கூட உட்கார வைக்கக் கூடாது என்று தெரபிஸ்ட் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். அந்தத் தாங்கியும் அவளுக்குக் குத்தியது. நான் திருகைத் தளர்த்தி ஏற்றினேன், இறக்கினேன், கோணத்தை மாற்றினேன், துண்டு மடித்து வைத்தேன். தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தேன். முளைத்துக்கொண்டிருந்த நரைமுடி உறுத்தியதோ, தையல் போட்ட இடம் உறுத்தியதோ, அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவளால் பொறுக்க முடியவில்லை. "எடுத்துடுங்கோ அத. கொஞ்ச நேரம் மதி, அது போதும். தலயத் தள்றது, உசிரு போறது. எடுங்கோன்னா" என்று ஆரம்பித்தாள். அத்திம்பேர் பக்கத்தில் நின்றுகொண்டு அசையாமல் இருந்தார். அவள் என்னைக் கூப்பிட்டாள். "நீயாவது எடுடி. இனிமே எங்கிட்ட என்ன பாக்கி இருக்கு போறதுக்கு?"

போலீஸ்காரியாக இருந்து என்னத்தைக் காப்பாற்றினேன்? ஐந்து நிமிஷம் அவளுக்கு நிம்மதி கிடைத்தால் கிடைத்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. கேட்டதைக் கொடுப்பது எவ்வளவு சுகம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாற்காலிக்குப் பின்னால் போய்த் திருகில் கை வைத்தேன்.

அத்திம்பேர் என் மணிக்கட்டைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டதில்லை. பிடி வலித்தது.

"எடுக்கப்படாது" என்றார். என் கையை விலக்கிவிட்டு அக்காவின் முன்னால் போய் நின்றார். "மாட்டேன். நீ என்ன சொன்னாலும் எடுக்க மாட்டேன்."

அக்கா அவரை யாரோ மாதிரி பார்த்தாள். கண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. அவளால் துடைத்துக்கொள்ள முடியாது. "எங்கிட்ட ஒரு நாளும் மாட்டேன்னு சொன்னதில்லையே நீங்க" என்றாள்.

"சொல்லியிருக்கணும்" என்றார் அத்திம்பேர். புடவைத் தலைப்பை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தார்.